மறுகா

கல்லடி வாசிகசாலையின் மேல்மாடி.
கதவில் ஒட்டிய தாளில்
‘சோவியத்துக்குப் பிந்திய சினிமா, மூன்றாம் ஞாயிறு’.
சாரல் பட்டுப் ‘பிந்திய’ மட்டும் ஊறிக் கிடந்தது.

வந்தவர்கள் பதினேழு பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
படத்துக்குத் தமிழில் எழுத்தோட்டம் இல்லை
ஆங்கிலத்திலும் இல்லை.
அதனால் என் கையில் மைக்.

தாஷ்கந்தில் ஆறு வருசம் நீர்ப்பாசனம் படித்தவன் நான்.
போகும்போது இருந்தது ஒரு நாடு.
சான்றிதழ் தந்தது ஆனியில்;
மார்கழிக்குள் தந்த நாட்டைக் காணவில்லை.
கொழும்பில் நேர்முகத்துக்கு இருந்தவர்
சிவப்பு மட்டையைப் புரட்டிப் புரட்டி
‘இதை எங்கே அனுப்பிச் சரிபார்ப்பது?’ என்றார்.
நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கியது. பனி.
ஸுல்ஃபியா என்று ஒருத்தி, ஐம்பது இருக்கும்.
தெருவின் பெயரை மூன்று முறை மாற்றிவிட்டார்கள்,
மகனின் கடிதம் எந்தப் பெயருக்கும் வரவில்லை.
அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள்.
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் கேட்கிறான்:
‘ப்ரொபீஸ்கா?’

வதிவிட அனுமதி என்றேன்.
குடியிருப்புச் சான்று என்று திருத்தினேன்.
அதற்குள் மூன்று வசனம் ஓடிப்போயிற்று.
முன் வரிசையில் நேசமலர் திரும்பாமலே சொன்னா:
‘பொலிஸ் பதிவு.’

ஓம்.
கொட்டாஞ்சேனை லொட்ஜில் என்னிடமும் இருந்தது,
நாலாய் மடித்து, வேர்வையில் மை கலங்கி,
படுக்கும்போதும் சட்டைப்பையில்.
அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பிறகு பேச்சே இல்லாத ஒரு நீண்ட காட்சி:
வற்றிய கடல், மணலில் கப்பல்,
கப்பலின் நிழலில் மாடுகள்.
‘கடல் எங்க போன?’ என்றான் ஒரு பொடியன்.
கூரையில் வள்ளம் ஏறி நின்ற கதை கேட்டு வளர்ந்தவனுக்குக்
கடல் வரும் என்று தெரியும்
போகும் என்று தெரியாது.
ஆற்றைப் பருத்திக்குத் திருப்பும் கணக்கில்
எனக்கு ஐந்துக்கு ஐந்து.
இதை மைக்கில் சொல்லவில்லை.

கரண்ட் போனது.

‘மறுகா?’ என்றது இருட்டு.
‘மறுகா என்ன சேர்?’

மடிகணினி பற்றறியில் ஓடிக்கொண்டிருந்தது.
ஜனோசன் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்,
வெற்றிலைத் தட்டளவு வெளிச்சம்.
ஜெஸீலா கதிரைகளை முன்னால் இழுத்துப் போட்டா.

‘பிறந்த நாடு?’
அவள் பழைய பெயரைச் சொல்கிறாள்.
‘அப்படி ஒன்று பட்டியலில் இல்லையே அம்மா.
இருக்கிறதில் ஒன்றைச் சொல்லுங்கள்.’

அதுவரை ரஷ்ய மொழியில் கேட்டதற்குப் பதில் சொன்னவள்
இப்போது தன் மொழிக்குக் கிறுகினாள்.
விடுதிச் சமையற்காரியிடம் நான் படித்தது
உப்பு, தேநீர், ரொட்டி, போதும்.
இரண்டு நிமிசம். அவள் நிறுத்தவில்லை.
மைக்கும் செத்திருந்தது.
‘எனக்கு விளங்கயில்ல’ என்றேன், வெறும் குரலில்.

‘ஏசுறா’ என்றா நேசமலர்.
தம்பியைத் தேடிப் பதினொரு விண்ணப்பம் நிரப்பியவ
எழும்பி நின்று, அவள் மூச்சு விடும் இடங்களில்
ஒவ்வொன்றாய்ச் சொன்னா:

‘எழுது. போனமுறையும் பேரப் பிழையா எழுதினது நீங்கதான்.
ஆள் இல்ல எண்டு எழுதாத.
முகத்தப் பார்த்துக் கதை.
நான் ஒரு இடமும் போகல்ல.
நான் இஞ்சதான் நிண்ட.
நான்.’

ரொட்டிக்கு அந்த ஊரில் சொல்லும் சொல்
நம் காதுக்கு ‘நான்’ என்றே கேட்கும்.
ஸுல்ஃபியா ரொட்டியைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள்,
வரிசையைப் பற்றி, விலையைப் பற்றி.

தெரிந்த நாலு சொல்லில் அதுவும் ஒன்று.
நான் திருத்தவில்லை.